மூன்று படைகள், மூன்று வாசல்கள்

இந்தியாவின் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. ஆளெடுத்த முறையும் வெவ்வேறு. மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றில் சேர்வது அண்மைக் கால வழக்கம். அதற்கு முன், பட்டாளத்தில் யாருக்கு இடம் என்பதைப் பெரும்பாலும் பிறந்த மண்ணும் குலமுமே தீர்மானித்தன.

1748-இல் கடலூரின் புனித டேவிட் கோட்டைக்கு வந்திறங்கிய ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் காவலாட்களைப் பயிற்சி பெற்ற படையாக மாற்றினார். அதன் வழியில் வளர்ந்த சென்னைப் படையில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் 52 காலாட்படை ரெஜிமென்டுகள் இருந்தன. 1881 முதல் 1885 வரை அதற்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், அடுத்து இந்தியா முழுமைக்கும் தளபதியானார். சீக்கியர், பட்டாணியர், கூர்க்காக்கள் போன்றோரே போருக்குப் பிறந்தவர்கள், தெற்கத்தியர் அல்லர் என்ற 'போர்க்குடி' கொள்கை அவர் காலத்தில் வேரூன்றியது. மைசூரிலும் பர்மாவிலும் ரத்தம் சிந்திய படைக்கு இழைக்கப்பட்ட அநீதி அது. சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1780-இல் தொடங்கிய, 'தம்பி' என்று பெயர்பெற்ற மதராஸ் சேப்பர்கள் என்ற பொறியாளர் பிரிவினர் மட்டும் தப்பினர். ஆற்றில் பாலம் போடவும் மலையில் பாதை வெட்டவும் தெரிந்த கைகளை ராணுவத்தால் விட முடியவில்லை. கலைக்கப்பட்ட காலாட்படை மதராஸ் ரெஜிமென்டாக மீண்டும் எழ இரண்டாம் உலகப் போர் வர வேண்டியிருந்தது.

கடற்படையின் வேர் 1612-இல் சூரத்தில் கம்பெனி நிறுத்திய கப்பல்களில் இருக்கிறது. நெடுங்காலம் அதன் மாலுமிகள் பெரும்பாலும் ரத்னகிரிக் கரையின் கொங்கணி முஸ்லிம்கள். உலகப் போரில் ஆள் போதாமல் போகவே, நாடெங்கும் பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்களுக்குக் கதவு திறந்தது. தொழில் கற்கலாம், நல்ல எதிர்காலம் உண்டு என்று நம்பிச் சேர்ந்தவர்களின் தட்டில் விழுந்தது கல் கலந்த சோறும் வேகாத பருப்பும். கூடவே வெள்ளை அதிகாரிகளின் வசவு. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் 'தல்வார்' தகவல்தொடர்புப் பயிற்சி நிலைய மாலுமிகள் அந்த உணவை மறுத்தனர். சில நாட்களில் கிளர்ச்சி கராச்சி வரை பரவியது.

விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று சட்டப்படி உருவானது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கராச்சியில் அமைந்த முதல் அணியிடம் இருந்தவை நான்கு வாப்பிட்டி விமானங்கள், விரல்விட்டு எண்ணத்தக்க அதிகாரிகள், 'ஹவாய் சிப்பாய்' எனப்பட்ட தரைப் பணியாளர்களின் ஒரு சிறு கூட்டம். எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிகிறதா என்பதே இங்கு முதல் கேள்வி. ஆகவே தரைப்படையில் இருப்பதுபோன்ற குலவாரி ரெஜிமென்டுகள் இதில் உருவாகவில்லை.

விடுதலைக்குப் பின் தரைப்படையும் எல்லோருக்கும் பொது என அறிவிக்கப்பட்டது. எனினும் சீக்கிய, ராஜபுத்திர, மதராஸ் ரெஜிமென்டுகள் பழைய பெயர்களோடு நீடிக்கின்றன. மதராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் நீலகிரியின் வெலிங்டனில் உள்ளது. தரைப்படையின் சில பணிகளுக்கு எட்டாம் வகுப்பே போதும்; விமானப்படை பொதுவாகப் பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ கேட்கிறது. 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டம், அதிகாரி நிலைக்குக் கீழே புதிதாகச் சேர்வோரின் பணிக்காலத்தை மூன்று படைகளிலும் நான்கு ஆண்டுகளாக்கியது. அதன் பிறகு நிலையான பணிக்கு எடுக்கப்படுவோர் ஒவ்வொரு தொகுதியிலும் அதிகபட்சம் 25 விழுக்காட்டினர்.