நீச்சல் குளம், தண்ணீர்த் தொட்டிச் சுவர்களில் கறையும் உப்புப் படிவும்: ஆசிட் ஊற்றுவதற்கு முன் அறிய வேண்டியவை

குற்றாலத்தில் சாரல் தொடங்குவதற்கு முன்னர், விடுதிகளிலும் தோப்பு வீடுகளிலும் உள்ள நீச்சல் குளங்களை வடித்துக் கழுவுவார்கள். சுரண்டை போன்ற சமவெளி ஊர்களில் வீட்டுத் தரைத்தொட்டிகளும் கிணற்றடித் தொட்டிகளும் இவ்வாறே கழுவப்படுகின்றன. இவ்விரு இடங்களிலும் சிமெண்ட் பூச்சில் படிந்த வெள்ளை உப்பை நீக்கப் பலரும் கையில் எடுப்பது ஆசிட். கழுவி முடித்தபின் தூவுவது பிளீச்சிங் பவுடர். இவ்விரண்டும் சேரும்போது உண்டாகும் நச்சு வாயுவைப் பற்றியும், அதற்கு முன்பாக அந்த ஆசிட் உண்மையில் தேவைதானா என்பதைப் பற்றியும் இப்பக்கம் விளக்குகிறது.

கறை எதனால் உண்டாகிறது?

ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் கரைந்துள்ளன. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்புடையது. வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கப்படுகிறது. வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. நீரின் பி.எச். அளவு 7.8-க்கு மேல் சென்றால் அது சுண்ணாம்புப் படிவாகச் சுவரில் ஒட்டுகிறது. புதிய சிமெண்ட் பூச்சு தானே சுண்ணாம்பைக் கசியவிடுவதால், முதல் சில வாரங்களில் படிவு அதிகமாகத் தோன்றும். பிளீச்சிங் பவுடரும் கால்சியம் சேர்ந்த பொருளே. ஆகவே அதை அளவின்றிப் போடுவது படிவைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது.

எல்லாக் கறையும் உப்பன்று. படிவின்மேல் ஒரு துளி வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு. பழுப்பு நிறக் கறை இரும்பினாலும் வரலாம், உதிர்ந்த இலைகளாலும் வரலாம். வைட்டமின் சி மாத்திரை ஒன்றை நனைத்து அதன்மேல் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால், இரும்புக் கறை வெளுக்கும், இலைக்கறை மாறாது. (வீட்டில் நோயாளிக்கு எழுதித் தந்த மாத்திரையை இதற்காக எடுக்க வேண்டாம்.) இலைக்கறை குளோரினுக்கு மங்கும், இரும்புக் கறையோ குளோரினால் மேலும் கருக்கும். கறையின் வகை தெரியாமல் மருந்து போடுவது, நோய் தெரியாமல் ஊசி போடுவதைப் போன்றதே.

ஆசிட் ஏன் வேண்டாம்?

கடைகளில் ஆசிட் என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழிவறைத் தூய்மைத் திரவங்கள் பலவற்றிலும் இதுவே நீர்த்த நிலையில் உள்ளது. அமிலம் படிவைக் கரைப்பது உண்மை. ஆனால் சிமெண்ட் பூச்சும் சுண்ணாம்புச் சேர்மமே. படிவு எது, பூச்சு எது என்று அமிலம் பிரித்தறியாது. ஒவ்வொரு முறை கழுவும்போதும் பூச்சின் மேற்பரப்பு அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாகிறது. அக்குழிகளில் பாசியும் உப்பும் முன்னிலும் விரைவாகப் பிடிக்கின்றன. அதனால் அடுத்த ஆண்டு இன்னும் கூடுதலாக ஆசிட் தேவைப்படுகிறது. நீரிழிவினால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கு இந்தச் சொரசொரப்பு ஒரு தனி ஆபத்து. தோல் உரசிக் கிழிவதை அவர்கள் உணர்வதில்லை. இரண்டு நாள் கழித்துப் புண்ணாகத்தான் பார்க்கிறார்கள்.

நீர்மட்டக் கோட்டில் படியும் மெல்லிய உப்பை வினிகரும் நைலான் தூரிகையும் கொண்டு நீக்கிவிடலாம். கெட்டியான படிவை ஈரமான படிகக்கல்லால் மெதுவாகத் தேய்க்கலாம். பி.எச். அளவை 7.2 முதல் 7.8-க்குள் வைத்துக்கொண்டால் புதிதாகப் படிவது வெகுவாகக் குறையும். இது பல வாரங்கள் பிடிக்கும் வேலை. ஒரே பகலில் வெண்மையாக்க வேண்டும் என்ற அவசரமே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம்.

வாயு உண்டாகும் விதம்

அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் உடனடியாகக் குளோரின் வாயு வெளிப்படும். இரண்டையும் ஒரே வாளியில் கலக்க வேண்டும் என்பதில்லை. ஆசிட் ஊற்றிய தரையை முழுமையாக அலசாமல் பவுடர் தூவினாலே போதும். 1915 ஏப்ரல் 22-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஆயுதமாகத் திறந்துவிடப்பட்ட வாயு இதுவேதான். காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. ஆகையால் வடித்த குளத்தின் ஆழமான பகுதியிலும் தொட்டியின் அடியிலும் தேங்கி நிற்கும்.

பவுடர் சேராவிட்டாலும், அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடும் காற்றைவிடக் கனமானது. அதற்கு மணமும் இல்லை. மூடிய தரைத்தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைக் காப்பாற்ற அடுத்தவர் உடனே இறங்குவதும் அவரும் விழுவதும் இதனால்தான். இறங்காதீர்கள். 108-ஐ அழைத்து, மூச்சுக் கருவி உள்ள தீயணைப்புத் துறையினரின் உதவியைக் கேளுங்கள்.

துணியும் சாதாரண முகக்கவசமும் எந்த வாயுவையும் தடுக்காது. என்-95 கவசமும் தூசியைத் தடுக்குமேயன்றி வாயுவைத் தடுக்காது. இவ்வேலையையே தொழிலாகச் செய்வோர் அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கண்ணாடி, ரப்பர் கையுறை, முழங்கால் வரையிலான ரப்பர் காலணி ஆகியவற்றுடன், மேலே ஒருவர் காவலாக நிற்பதும் கட்டாயம்.

வாயுவைச் சுவாசித்துவிட்டால்

பாதிக்கப்பட்டவரைத் திறந்த வெளிக்கு, காற்று வரும் திசையில் மேடான இடத்திற்குக் கொண்டு செல்லுங்கள். உடையைத் தளர்த்தி, சாய்ந்து உட்காரவையுங்கள். நடக்கவோ வேலை செய்யவோ விடாதீர்கள். மோர், எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர் எதுவும் நுரையீரலைச் சென்றடைவதில்லை. மூச்சுத் திணறும்போது அவை புரையேறினால் தீங்கே விளையும். குளோரினுக்கென்று முறிமருந்து கிடையாது. ஆக்சிஜனும், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை ஆவியாக அளிப்பதுமே மருத்துவமனையில் தரப்படும் சிகிச்சை.

உடனிருந்து கவனிப்போர் முக்கியமாக அறிய வேண்டியது: சிறிது நேரத்தில் இருமல் நின்று அவர் நலமாகத் தோன்றலாம். நுரையீரலில் நீர் கோத்தல் பல மணி நேரம் கழித்தும் தொடங்கக்கூடும். ஆகவே 24 மணி நேரம் அவரைத் தனியே விடக் கூடாது. படுத்தால் மூச்சு முட்டுதல், சில படி ஏறினாலே இளைத்தல், நுரைத்த சளி, உதடு நீலமாதல், உளறல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்களும், பல்லாண்டு பீடி புகைத்தவர்களும், கர்ப்பிணிகளும், குழந்தைகளும் அறிகுறி மாறும்வரை காத்திராமல் உடனே வர வேண்டும்.

கண்ணில், தோலில் பட்டால், குடித்துவிட்டால்

கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, ஓடும் நல்ல நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள், அதன்பின்னரே பயணம். பிளீச்சிங் பவுடரும் சிமெண்டும் காரத்தன்மை உடையவை. காரம் அமிலத்தைவிட ஆழமாகக் கண்ணுக்குள் இறங்கும் என்பதால், எரிச்சல் குறைவென்று அலட்சியம் செய்யாதீர்கள். தோலில் பட்டால் உடையைக் கழற்றி அவ்வாறே கழுவ வேண்டும். இங்க், பற்பசை, மஞ்சள், தேங்காய் எண்ணெய் பூசுவது காயத்தின் ஆழத்தை மருத்துவர் மதிப்பிடவிடாமல் மறைக்கும். ஆப்பசோடாவைத் தூவி அமிலத்தை முறிக்க முயல வேண்டாம். அவ்வினையின் சூடு புதிய காயத்தை உண்டாக்கலாம்.

குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்த ஆசிட்டைக் குழந்தை குடித்துவிட்டால், வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உள்ளே சென்றபோது வெந்த உணவுக்குழாய், திரும்பி வரும்போது மறுமுறை வேகும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, வேறெதுவும் கொடுக்காமல், அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். துருக்கறை நீக்க விற்கப்படும் ஆக்சாலிக் அமிலம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். எந்தப் பொருள் என்று தெரிந்தால் சிகிச்சை விரைவாகும்.

மீண்டும் குளத்தில் இறங்குவதற்கு முன் பி.எச். 7.2 முதல் 7.8 வரையிலும், குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையிலும் உள்ளதா என்று சோதனைப் பெட்டி கொண்டு பாருங்கள். கடுமையான மருந்து நெடி தூய்மையின் அடையாளமன்று. வியர்வையும் சிறுநீரும் குளோரினுடன் சேர்ந்ததனால் எழும் மணம் அது. ஆஸ்துமா உள்ள குழந்தையை அந்நெடி உள்ள குளத்தில் இறக்க வேண்டாம். ஐயம் இருப்பின் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.