தலைவர் "வேண்டாம்" என்றால் விளையாட்டு நின்றுவிடுமா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடப்பது என்ன?

2016 ரியோ ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் ஜோசஃப் ஸ்கூலிங் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணி நீச்சலில் தங்கம் வென்றபோது அவர் ஒரு பல்கலைக்கழக மாணவர். 50.39 விநாடியில் மைக்கல் ஃபெல்ப்ஸை முந்திய அந்த இளையர் அப்போது பயிற்சி செய்துகொண்டிருந்தது அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழக அணியில்.

நம்ம ஊரில் பல்கலைக்கழக விளையாட்டு என்றால் வகுப்பு முடிந்த பிறகு செய்யும் இணைப்பாட நடவடிக்கை. நண்பர்கள் நாலு பேர் வந்து கைதட்டினால் பெரிய விஷயம். அமெரிக்காவில் அது வேறு உலகம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கில் 107,000 பேருக்கு மேல் உட்காரலாம். நம் தேசிய விளையாட்டரங்கில் 55,000 பேர்தான். மிச்சிகன் அரங்கில் ஆடுபவர்கள் நிபுணத்துவ விளையாட்டாளர்கள் இல்லை, மாணவர்கள்!

அந்த உலகத்தின் கதவைத் திறப்பதும் மூடுவதும் யார் கையில்? காகிதத்தில் பார்த்தால் பதில் சுலபம்: பல்கலைக்கழகத் தலைவர். மலேசியாவில் துணைவேந்தர் என்கிறோமே, கிட்டத்தட்ட அந்தப் பொறுப்பு. ஆனால் கதவை மூடிய தலைவர்கள் சிலர், சில மாதங்களிலேயே அதைத் திரும்பத் திறக்க வேண்டியிருந்தது.

படிப்புக்கான இடத்தில் ஏன் இவ்வளவு பெரிய விளையாட்டு?

தலைவர்களைக் கேட்டால் முன்னாள் மாணவர்களைக் கைகாட்டுவார்கள். படித்து முடித்து 30 ஆண்டுகள் ஆனவர், பழைய பேராசிரியரைப் பார்க்கத் திரும்பி வருவது அபூர்வம். சனிக்கிழமை அமெரிக்கக் காற்பந்து ஆட்டத்துக்கு வருவார். வந்தால் நன்கொடையும் வரும் என்பது கணக்கு.

இன்னொரு காரணம் விளம்பரம். 1984 நவம்பரில் பாஸ்டன் கல்லூரியின் டக் ஃபுளூட்டி, மயாமி அணிக்கு எதிராகக் கடைசி நொடியில் எறிந்த பந்து 47-45 என்று வெற்றி தேடித் தந்தது. அதன் பிறகு அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பங்கள் கூடின. இன்றைக்கும் இதை "ஃபுளூட்டி விளைவு" என்பார்கள். விண்ணப்பங்கள் அதற்கு முன்பிருந்தே ஏறிக்கொண்டிருந்தன என்று அந்தக் கல்லூரியே பிறகு விளக்கியது வேறு விஷயம். கதை சுவையாக இருந்தால் யார் திருத்தத்தைக் கேட்கிறார்கள்?

பணமும் உண்டு. "பிக் டென்" எனும் பல்கலைக்கழகக் கூட்டணி 2022இல் மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களோடு செய்துகொண்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 7 பில்லியன் டாலருக்கு மேல் என்று சொல்லப்பட்டது. அந்தப் பணத்தின் பெரும்பகுதியைக் கொண்டுவருவது அமெரிக்கக் காற்பந்து. அதற்கு அடுத்து ஆண்கள் கூடைப்பந்து. நீச்சல், மல்யுத்தம், துடுப்புப் படகு, வாள்வீச்சு எல்லாம் அந்தப் பணத்தில் வாழ்கின்றன.

அது பெரிய பெயர்களின் நிலை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறைக்கு வரவைவிடச் செலவுதான் அதிகம். குறையும் தொகையைப் பல்கலைக்கழக நிதியிலிருந்தும் மாணவர் கட்டணத்திலிருந்தும் எடுத்துக் கொடுக்கிறார்கள். எவ்வளவு கொடுப்பது என்பதில் தலைவரின் பேச்சுக்கு எடை உண்டு. அவர் தரும் "ஆதரவு" என்பது அரங்குக்கு வந்து கைதட்டுவது இல்லை, காசோலையில் கையெழுத்துப் போடுவது.

முதலில் "வேண்டாம்" என்றவர்

துணிந்து மூடியவர்களில் புகழ்பெற்றவர் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மேனர்ட் ஹட்சின்ஸ். சிக்காகோ ஏதோ சின்ன அணி என்று நினைத்துவிடாதீர்கள். இன்று பில்லியன் கணக்கில் புரளும் அதே "பிக் டென்" கூட்டணியைத் தொடங்கியவற்றில் அதுவும் ஒன்று. அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தின் ஆக உயரிய தனிநபர் விருது ஹைஸ்மன் கிண்ணம். 1935இல் அது முதன்முதலாகப் போனது சிக்காகோவின் ஜே பெர்வாங்கருக்கு.

அதற்குப் பிறகு அணி சரிந்தது. 1939இல் மிச்சிகனிடம் 85-0 என்று தோற்றது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் காற்பந்தே வேண்டாம் என்று முடிவானது. படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது ஹட்சின்ஸின் உறுதியான நிலை. 1946இல் பல்கலைக்கழகம் "பிக் டென்" கூட்டணியிலிருந்தும் விலகியது.

அணி இல்லாமல் கிடந்த அரங்கின் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2ஆம் தேதி, கட்டுப்படுத்தப்பட்ட முதல் அணுக்கருத் தொடர்வினையை விஞ்ஞானிகள் நடத்திக் காட்டினார்கள். ஹட்சின்ஸின் ஆதரவாளர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்குமா! 1969இல் ஆட்டம் திரும்பி வந்தது. ஆனால் அடக்கமாக. இன்று அணி ஆடுவது விளையாட்டுக்காக உபகாரச் சம்பளம் தராத மூன்றாம் பிரிவில்.

சிக்காகோவால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியவில்லை? அணி தோற்றுக்கொண்டிருந்தபோது மூடினார்கள் என்பது ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டம் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டது.

மூடினார், ஆறு மாதத்தில் திறந்தார்

2014 டிசம்பர் 2. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹம் நகரில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம். தலைவர் ரே வாட்ஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: அமெரிக்கக் காற்பந்து, பந்துருட்டு, துப்பாக்கி சுடுதல் மூன்றும் நிறுத்தப்படுகின்றன.

அவர் கையில் எண்கள் இருந்தன. விளையாட்டுத் துறையின் ஆண்டுச் செலவு சுமார் 30 மில்லியன் டாலர். அதில் ஏறக்குறைய 20 மில்லியனைப் பல்கலைக்கழகம்தான் கொடுத்துவந்தது. காற்பந்தைத் தொடர்ந்தால் அடுத்த ஐந்து ஆண்டுகளில் இன்னும் 49 மில்லியன் தேவைப்படும் என்று ஆலோசனை நிறுவனம் ஒன்று கணக்குச் சொல்லியிருந்தது. புகழ்பெற்ற மருத்துவப் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தும் பல்கலைக்கழகம், காசை அந்தப் பக்கம் திருப்ப நினைப்பதில் தவறு காண்பது கஷ்டம்.

ஆனால் நேரம் மோசம். அணி அந்தப் பருவத்தில்தான் நிமிர்ந்திருந்தது. புதிய பயிற்றுவிப்பாளர் பில் கிளார்க் வந்த முதல் ஆண்டிலேயே ஆறு வெற்றிகள். அறிவிப்பைச் சொல்ல வந்த தலைவரிடம் விளையாட்டாளர்கள் கண்ணீரோடு கேள்வி கேட்ட காணொளி நாடு முழுக்கப் பரவியது.

அடுத்து நடந்ததுதான் பலரும் எதிர்பாராதது. எதிர்ப்பு ரசிகர்களோடு நிற்கவில்லை. காற்பந்து குறைந்தால் மகிழவேண்டிய பேராசிரியர்களின் மன்றமே, 2015 ஜனவரியில் தலைவர்மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தது. அவர்களின் கோபம் விளையாட்டைப் பற்றியது மட்டுமல்ல. யாரையும் கலந்து பேசாமல் எடுத்த முடிவு என்பதுதான் குற்றச்சாட்டு. அதே அறங்காவலர் குழுவின்கீழ் இயங்கும் டஸ்கலூசா நகர அலபாமா பல்கலைக்கழகம், அப்போது நாட்டின் ஆகப் பலம் வாய்ந்த காற்பந்து அணிகளில் ஒன்றை வைத்திருந்தது. "பெரிய அண்ணனுக்காக நம்மை மூடுகிறார்களா?" என்ற சந்தேகமும் பர்மிங்ஹமில் இருந்தது.

நகர வணிகர்கள் காசு திரட்ட முன்வந்தார்கள். 2015 ஜூன் 1ஆம் தேதி வாட்ஸ் தன் முடிவை மாற்றிக்கொண்டார். மூன்று விளையாட்டுகளும் திரும்பின. காற்பந்து அணியைப் புதிதாகக் கட்ட இரண்டு பருவங்கள் தேவைப்பட்டன. பழைய விளையாட்டாளர்களில் பலர் அதற்குள் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டார்கள்.

2017 செப்டம்பரில் முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 45,000க்கு மேல். அந்த அணியின் வரலாற்றிலேயே அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. 2018இல் தன் கூட்டணியின் வெற்றிக் கிண்ணத்தையும் வென்றது. வாட்ஸும் பதவியில் நீடித்தார். மூடப்போனவர், கடைசியில் அணி இதுவரை பார்க்காத ஆதரவைத் திரட்டிக் கொடுத்தவர் ஆனார்.

கூட்டம் வராத விளையாட்டு என்றால்?

பர்மிங்ஹமில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் இருந்தார்கள். வாள்வீச்சுக்கு யார் இருக்கிறார்கள்?

2020 ஜூலையில், கொவிட் காலத்தில், ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் தன் 36 விளையாட்டுகளில் 11ஐ நிறுத்தப்போவதாகச் சொன்னது. வாள்வீச்சு, மல்யுத்தம், ஆண்கள் கைப்பந்து, ஆண்கள் துடுப்புப் படகு, ஹாக்கி, ஸ்குவாஷ் போன்றவை. உலகின் ஆகப் பணக்காரப் பல்கலைக்கழகங்களில் அதுவும் ஒன்று என்பதால் காசு இல்லை என்ற காரணம் பலருக்கு எடுபடவில்லை.

2021 மார்ச்சில் ஸ்டான்ஃபர்டின் ஷேன் கிரிஃபித் தேசிய மல்யுத்த வெற்றியாளர் பட்டத்தை வென்றார். அவர் உடுத்தியிருந்தது பல்கலைக்கழகத்தின் சின்னம் இல்லாத வெறும் கறுப்பு உடை. தன்னை வேண்டாம் என்ற இடத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளாமல் அதற்குப் பட்டம் வாங்கித் தந்தார். மே மாதத்தில் விளையாட்டாளர்கள் இரண்டு வழக்குகள் தொடுத்தார்கள். சில நாள்களில் 11 விளையாட்டுகளும் தொடரும் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். ஸ்டான்ஃபர்டின் வாள்வீச்சுக்காரர்களுக்குப் பின்னால் வசதியும் செல்வாக்கும் உள்ள முன்னாள் மாணவர்கள் இருந்தார்கள். வழக்கறிஞர் வைக்க முடிந்தது. சாதாரண மாநிலப் பல்கலைக்கழகத்தின் நீச்சல் அணிக்கு அது கிடைக்குமா?

அப்படியென்றால் யார் பெரியவர்?

சம்பளத்தைப் பாருங்கள். டஸ்கலூசா அலபாமாவின் காற்பந்துப் பயிற்றுவிப்பாளர் நிக் சேபன், ஓய்வுபெறுவதற்கு முந்திய 2023 பருவத்தில் 11 மில்லியன் டாலருக்கு மேல் சம்பாதித்தார். எந்த மாநிலப் பல்கலைக்கழகத் தலைவரும் அந்தப் பக்கம் நெருங்கவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் அரசாங்கச் சம்பளம் ஆக அதிகமாக வாங்குபவர் ஒரு பயிற்றுவிப்பாளர்தான். ஆளுநர்கூட இல்லை.

தலைவர்கள் கையில் கட்டுப்பாடு வேண்டும் என்ற முயற்சிகளும் நடந்தன. 1989இல் அமைக்கப்பட்ட நைட் ஆணையம் 1991 அறிக்கையில் அதையே வலியுறுத்தியது. கல்லூரி விளையாட்டை நடத்தும் தேசிய அமைப்பான என்சிஏஏயின் உச்ச அதிகாரம் 1997இல் பல்கலைக்கழகத் தலைவர்களிடம் வந்தது. அதிகாரம் வந்தும் செலவு குறையவில்லை. ஒருவர் சம்பளத்தைக் குறைத்தால் பயிற்றுவிப்பாளர் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடுவார். எந்தத் தலைவர் முதலில் குறைப்பார்?

சில நேரம் அணியே தலைவரை வீட்டுக்கு அனுப்பும். 2015 நவம்பரில் மிசூரி பல்கலைக்கழகத்தில் இனவாதத்துக்கு எதிராகப் போராட்டம் நடந்தது. பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர் உண்ணாவிரதம் இருந்தார். பல்கலைக்கழக அமைப்பின் தலைவர் டிம் வுல்ஃப் பதவி விலகவில்லை. நவம்பர் 7ஆம் தேதி கறுப்பினக் காற்பந்து விளையாட்டாளர்கள், அவர் விலகும்வரை ஆடமாட்டோம் என்றார்கள். பயிற்றுவிப்பாளரும் அவர்கள் பக்கம் நின்றார். அடுத்த ஆட்டம் ரத்தானால் 1 மில்லியன் டாலர் இழப்பீடு கொடுக்க நேரிடும் என்ற நிலை. நவம்பர் 9ஆம் தேதி வுல்ஃப் விலகினார். இரண்டே நாள்!

இப்போது ஏன் இது முக்கியம்?

2025 ஜூன் 6ஆம் தேதி அமெரிக்க நீதிமன்றம் ஒரு பெரிய சமரச உடன்பாட்டை ஏற்றது. பெயர் "ஹவுஸ்" வழக்கு. முன்னர் ஊதியமில்லாமல் ஆடியவர்களுக்கு 10 ஆண்டுகளில் சுமார் 2.8 பில்லியன் டாலர் கொடுக்கவேண்டும். அதோடு, பல்கலைக்கழகங்கள் இனி தங்கள் விளையாட்டாளர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு 20.5 மில்லியன் டாலர்.

நியாயமான மாற்றம்தான். அரங்கை நிரப்புகிறவர்களுக்கு இவ்வளவு காலம் காசு தராமல் இருந்ததே தவறு. ஆனால் அந்த 20.5 மில்லியன் எங்கிருந்து வரும்? காற்பந்து அணியில் கை வைக்க எந்தத் தலைவரும் விரும்பமாட்டார் என்பதைத்தான் மேலே பார்த்தோமே.

உடன்பாடு ஒப்புதல் பெறுவதற்கு முன்பே, 2025 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் கேல் பாலி பல்கலைக்கழகம் நீச்சல், முக்குளிப்பு அணிகளை நிறுத்துவதாக அறிவித்தது. சொன்ன காரணங்களில் இந்த வழக்கும் ஒன்று.

ஸ்கூலிங் வழியில் அங்கே போக நினைக்கும் நம் இளையர்களை இது நேரடியாகத் தொடுகிறது. நம்மவர்கள் பெரும்பாலும் போவது நீச்சல், பூப்பந்து அல்லாத மட்டைப் பந்து ஆட்டங்கள், திடல்தடம் போன்றவற்றுக்கு. வருமானம் தராத பட்டியலில் இருப்பவை இவையே. புதிய விதியின்படி உபகாரச் சம்பள எண்ணிக்கைக்கான வரம்பு போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்திருக்கிறது. உச்சியில் இருப்பவருக்கு நல்லது, விளிம்பில் இருப்பவருக்கு இடமே இல்லாமல் போகலாம். புதிதாகக் கிடைக்கும் பணமும் வெளிநாட்டு மாணவருக்குச் சுலபமாக வராது. மாணவர் விசாவில் வேலை செய்யக் கட்டுப்பாடுகள் உண்டு.

ஆகவே பயிற்றுவிப்பாளரிடம் பேசும்போது நீச்சல் குளம் எவ்வளவு நீளம் என்று மட்டும் கேட்காதீங்க. அணிக்கான பணம் எங்கிருந்து வருகிறது? நிரந்தர நிதி இருக்கிறதா, இல்லை ஒவ்வோர் ஆண்டும் பல்கலைக்கழகம் கொடுக்கிறதா? தலைவர் பதவிக்குப் புதிதாக யாராவது வந்திருக்கிறாரா? அணி நின்றுபோனால் உபகாரச் சம்பளம் என்ன ஆகும்?

கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குவது நல்லது. ஸ்டான்ஃபர்ட் 2020இல் 11 விளையாட்டுகளை நிறுத்துவதாகச் சொன்னபோது, கொடுத்த உபகாரச் சம்பளங்கள் தொடரும் என்றும் சொன்னது. படிப்பை முடித்திருக்கலாம். போட்டியிடத்தான் அணி இருந்திருக்காது.