கெட்டிப்பட்ட சர்க்கரையும் நம் முன்னோரும்

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் உள்ள எங்கள் தோட்டப் பள்ளியில் ஒரு பொங்கல் விழா. பிள்ளைகள் ஆளுக்கொரு பொருளை வீட்டிலிருந்து கொண்டு வந்தார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி போத்தலில் சிவப்புச் சீனி கொண்டு வந்தாள். அது கல்லாய் இறுகிக் கிடந்தது. கரண்டி உள்ளே இறங்கவில்லை. "கெட்டுப் போச்சு சார், வீசிடவா?" என்று கேட்டாள்.

"வேண்டாம், அம்மா. கெடவில்லை, காய்ந்திருக்கிறது" என்றோம். பிறகு வகுப்பைப் பார்த்து, "சீனி நமக்கு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டோம். "கடையிலிருந்து!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். சிரித்துக்கொண்டோம். ஆனால் அந்தப் பதில் மனத்தை உறுத்தியது. கரும்புக்காகக் கடல் கடந்து வந்த மக்களின் வழியில் வந்த பிள்ளைகள் அல்லவா இவர்கள்? அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் போத்தலில் இருக்கும் கட்டியைக் கவனிப்போம். கரும்புச் சாற்றைக் காய்ச்சினால் ஒரு பகுதி சிறு சிறு மணிகளாக உறையும். மீதி, கருநிறப் பாகாக நிற்கும். ஆலையில் அந்தப் பாகை முழுவதும் நீக்கிவிட்டால் வெள்ளைச் சீனி. பாகு சிறிது ஒட்டியிருந்தால், அல்லது பின்னர் சேர்க்கப்பட்டால், சிவப்புச் சீனி. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 முதல் 7 பங்குவரை பாகு இருக்கும். பாகில் உள்ள ஈரந்தான் மணிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கி ஓட வைக்கிறது. மூடி சரியாக இல்லாவிட்டால் ஈரம் காற்றில் போய்விடும். பாகு இறுகி மணிகளைப் பிணைத்துவிடும். வெள்ளைச் சீனியின் கதை வேறு. அது ஈரம் பட்டு, பிறகு காய்வதால் கட்டியாகிறது. ஆகவே வெள்ளைச் சீனியை ஈரத்திலிருந்து காக்க வேண்டும். சிவப்புச் சீனிக்கோ இழந்த ஈரத்தைத் திருப்பித் தர வேண்டும்.

எப்படித் தருவது? காற்றுப் புகாத டின்னில் சீனியைப் போட்டு, அதன்மேல் ஒரு வாழையிலைத் துண்டு வைத்து, இலையின்மேல் ஒரு துண்டு ரொட்டியை வைத்து இறுக மூடுங்கள். ரொட்டி இல்லையென்றால் நன்றாகப் பிழிந்த ஈரத்துணி போதும். மறுநாள் திறந்தால் சீனி நெகிழ்ந்திருக்கும். ரொட்டியையும் துணியையும் உடனே எடுத்துவிட வேண்டும். விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அவசரமானால் சீனியைக் கிண்ணத்தில் இட்டு மூடி, இட்டிலிச் சட்டியின் ஆவியில் சில நிமிடம் வையுங்கள். ஆனால் ஆறினால் மறுபடியும் இறுகும். உடனே பயன்படுத்திவிட வேண்டும். வெல்லமோ கருப்பட்டியோ என்றால் தட்டி, சிறிது நீரில் கரைத்து, வடிகட்டிக் கொண்டால் மண்ணும் நீங்கும்.

நேயர்களே, கல்லாய் இறுகுவது சர்க்கரையின் பெயரிலேயே இருக்கிறது. வடமொழியில் 'சர்க்கரா' என்றால் சிறு கல், பரல் என்று பொருள். அந்தச் சொல்தான் அரபு மொழியில் 'சுக்கர்' என்றும் ஆங்கிலத்தில் 'சுகர்' என்றும் ஆனது. மலாய்க்காரர்கள் சொல்லும் 'குலா', வெல்லத்தைக் குறிக்கும் 'குட' என்னும் வடசொல்லிலிருந்து பிறந்தது. தமிழகத்திலும் கரும்பு பழமையானது. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டு வந்தனர் என்று ஔவையார் புறநானூற்றில் குறிப்பிடுகிறார். பெரும்பாணாற்றுப்படையில் கரும்பாலைகள் பேசப்படுகின்றன.

அப்போது கரும்பு நம் ஊர் வயலில் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ நம் மக்கள் கரும்பைத் தேடிப் போக நேர்ந்தது. பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி, 1834இல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். மொரீசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இந்தியர்கள் ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டார்கள். 1860இல் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளரைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஏற்றிச் சென்றது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் பாடியதை நீங்கள் அறிவீர்கள்.

அதே கரும்பு இங்கும் இருந்தது. பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள புரோவின்ஸ் வெல்லஸ்லி, அதாவது இன்றைய செபராங் பிறை, 1800இல் ஆங்கிலேயர் வசமானது. பத்து கவான் பக்கத்தில் முதலில் சீனர்கள் கரும்பு பயிரிட்டார்கள். 1840களில் ஐரோப்பியத் துரைமார்களும் பெரிய தோட்டங்களைத் திறந்தார்கள். அவர்களுக்கு ஆட்கள் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தார்கள். பயணச் செலவு முன்பணமாகக் கணக்கில் எழுதப்பட்டது. அதைச் சம்பளத்தில் பிடித்தார்கள். கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது. ஒப்பந்தத்தை மீறி வெளியேறினால் சட்டம் அதைக் குற்றமாக்கிச் சிறையில் தள்ளியது.

கரும்பு வேலை இலேசானதன்று. வெட்டிய கரும்பை நாள் கடத்தாமல் ஆட்ட வேண்டும்; இல்லாவிட்டால் சாற்றில் இனிப்புக் குறையும். வெட்டும் காலத்தில் காட்டிலும் ஓய்வில்லை, கொப்பரை அடுப்பிலும் ஓய்வில்லை. மலாயாவில் தமிழ்த் தொழிலாளரைப் பெருமளவில் வேலைக்கு அமர்த்திய முதல் பெரிய தோட்டப் பயிர் கரும்புதான். இரப்பர் பிற்பாடு வந்தது.

பிறகு கரும்பு ஏன் மறைந்தது? ஐரோப்பாவில் பீட்ரூட் கிழங்கிலிருந்து எடுத்த சர்க்கரை பெருகி விலை விழுந்தது. 1905க்குப் பிறகு இரப்பர் விலை ஏறியது. வடக்கே கரும்புத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக இரப்பர் தோட்டங்களாயின. 1910இல் ஒப்பந்தமுறையில் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஆனால் கங்காணி முறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்யும்வரை அந்த வழியில் ஆட்கள் வந்தார்கள்.

நம் சிலாங்கூரில் முதலில் காப்பி. பிரேசில் காப்பி பெருகி அதன் விலை விழுந்ததும் இரப்பர். கடலோரத்தில் தென்னை. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917இல் இந்நாட்டில் முதன்முதலாக வாணிக நோக்கில் செம்பனை நட்டார். அந்த ஊருக்கு 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பயிர் மாறியது, முதலாளி மாறினார், ஊரின் பெயரும் மாறியது. லயத்து வீட்டில் விளக்கேற்றியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்களே.

இந்த வரலாற்றைப் பாடப் புத்தகம் ஓரிரு வரிகளில் முடித்துவிடும். எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள், முதலில் எந்தத் தோட்டத்தில் இறங்கினார்கள், என்ன பயிர் பார்த்தார்கள் என்பதெல்லாம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்ட பிறகு அந்த நினைவும் மறைந்துவிடும். பெற்றோர்களே, இன்றிரவு ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். தாத்தாவையோ பாட்டியையோ கேட்டு நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்.

அந்த மாணவி வீட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். அவளுடைய பூட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, நிபோங் தெபால் பக்கம் கரும்பு வெட்டியவராம். அது அதுவரை வீட்டில் யாரும் அவளுக்குச் சொல்லாத செய்தி. இறுகிய சீனிப் போத்தலையும் வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு துண்டு ரொட்டி வைத்து மூடினாளாம். மறுநாள் அதையே கொண்டு வந்தாள். எங்கள் பொங்கலுக்கு அதுதான் போனது.