ஓடும் குதிரையும் ஒளிவில்லையும்

குதிரை நாலுகாற் பாய்ச்சலில் விரையும்போது அதன் நான்கு கால்களும் ஒரே கணத்தில் நிலத்தை விட்டு நீங்குவதுண்டோ? கண்ணை மட்டும் நம்பியிருந்த காலம் வரை இவ்வழக்குத் தீரவில்லை. ஓவியர்களோ, முன்னங்கால்கள் முன்னும் பின்னங்கால்கள் பின்னுமாக நீட்டியபடி குதிரை ஆகாயத்தில் மிதப்பதாகவே வரைந்து வந்தனர். 1821இல் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ தீட்டிய எப்சம் பந்தயக் குதிரைகளும் அவ்வாறே மிதக்கின்றன.

வழக்கைத் தீர்த்து வைத்தவர் இங்கிலாந்திற் பிறந்து கலிபோர்னியாவில் தொழில் புரிந்த எட்வேர்ட் மைபிரிட்ஜ் என்னும் படப்பிடிப்பாளர். அம்மாநிலத்தின் ஆளுநராக முன்னர் இருந்தவரும், பந்தயக் குதிரைகளில் பெருவிருப்புடையவருமான லீலண்ட் ஸ்ரான்போர்ட் பொருளுதவி புரிந்தார். 1872இல் தொடங்கிய முயற்சி 1878 ஜூன் மாதத்திற் கைகூடிற்று. பாலோ ஆல்ற்றோ என்னுமிடத்தில் ஓடுபாதையின் ஓரமாகப் பன்னிரண்டு கமராக்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன. பாதைக்குக் குறுக்கே நூல்கள் கட்டப்பட்டன. சாலி கார்ட்னர் என்னும் பெண்குதிரை ஓடிவந்து ஒவ்வொரு நூலாக அறுக்க, ஒவ்வொரு கமராவும் ஒருகணம் திறந்து மூடிற்று. நான்கு கால்களும் நிலத்தை விட்டு நீங்குவது மெய்யே எனப் படங்கள் காட்டின; ஆனால் ஓவியர் வரைந்த நீட்டிய நிலையிலன்று, கால்கள் யாவும் வயிற்றின் கீழ் மடங்கி ஒடுங்கிய நிலையிலே.

இச்சோதனையில் என் மனத்தைக் கவர்வது நூலுமன்று, குதிரையுமன்று. அக்காலத்து ஈரத் தகடுகள் ஒளியை மிக மெதுவாகவே ஏற்கும் இயல்பின. அதனால் வெயிலின் ஒளி வீணாகாதிருக்கப் பின்புறத்தில் வெண்டிரை அமைத்து, தரையிலும் சுண்ணாம்பு தூவினர். ஓட்டத்தைப் பிடிக்கப் புறப்பட்டவர் முதலில் ஒளியையே தேட வேண்டியிருந்தது. அன்று முதல் இன்று வரை விளையாட்டுப் படப்பிடிப்பின் வரலாறு பெரும்பாலும் இத்தேட்டத்தின் வரலாறே.

சிறு கணக்கொன்றினால் இதனை விளக்கலாம். விரைவோட்ட வீரர் ஒருவர் செக்கனுக்குப் பத்து மீற்றர் ஓடுகிறார் எனக் கொள்வோம். கமராவின் ஷட்டர் 250இல் ஒரு பங்கு செக்கன் திறந்திருப்பின், அதற்குள் அவர் நான்கு சதமமீற்றர் நகர்ந்து விடுவார். படத்தில் முகம் மங்கிவிடும். 1000இல் ஒரு பங்காயின் ஒரு சதமமீற்றரே நகர்வார். ஆனால் உட்புகும் ஒளியும் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். அக்குறையை ஈடுசெய்யப் பெருவாய் கொண்ட வில்லை வேண்டும். வீரரோ தூரத்தில் ஓடுகிறார். ஆகவே அவ்வில்லை நீண்ட குவியத் தூரமும் உடையதாதல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே சேரும்போதுதான் கண்ணாடி பருக்கிறது, விலை ஏறுகிறது. எஃப் 2.8 எனக் குறிக்கப்படும் 180 மில்லிமீற்றர் வில்லையின் ஒளிவாய் ஏறக்குறைய 64 மில்லிமீற்றர் விட்டமுடையது. 300 மில்லிமீற்றர் வில்லைக்கோ 107 வேண்டும்.

முற்காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைக்காரர் பேஸ்போல் ஆட்டங்களுக்குப் பெருந்தகட்டுக் கமராக்களையும் நீண்ட வில்லைகளையும் சுமந்து சென்றனர். பீரங்கி ஒன்றின் பெயரால் அவற்றைப் 'பிக் பெர்த்தா' என அழைத்தமை பொருத்தமே. சினிமாச் சுருளைப் பயன்படுத்தும் லைக்கா கமரா 1925இல் ஜேர்மனியிலும், அதற்குப் போட்டியாகக் கொன்ராக்ஸ் 1932இலும் வெளிவந்தபின், பெட்டி கைக்கடக்கமாயிற்று. 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக் விளையாட்டை ஒட்டிச் சைஸ் நிறுவனம் கொன்ராக்ஸுக்கென 180 மில்லிமீற்றர், எஃப் 2.8 சொனார் வில்லையை உருவாக்கிற்று. சொனார் வகையை அமைத்தவர் லுட்விக் பேர்ட்டெலே. 'ஒலிம்பியா சொனார்' என்ற பெயர் அவ்வில்லைக்கு நிலைத்துவிட்டது. அவ்விழாவைத் தன் பெருமைக்கு அரங்காக்க ஹிட்லரின் ஆட்சி முயன்றதை நாம் மறத்தலாகாது. ஆயினும் அக்களத்தில் நான்கு தங்கப் பதக்கங்களைப் பெற்றவர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின வீரர். எவர் வெல்ல வேண்டுமென்று ஆட்சியாளர் விரும்பினும், கமராக்கள் வென்றவரையே நோக்கித் திரும்பின.

பெருவாய் வில்லைக்கும் ஒரு குறையுண்டு. அது தெளிவாகக் காட்டும் ஆழம் மிகக் குறைவு. ஓரடி முன்பின்னானாலும் உருவம் கலங்கும். ஆதலால் அனுபவமுள்ளோர் ஓடுபவரைத் துரத்தாது, தடை ஒன்றையோ முடிவுக் கோட்டையோ முன்கூட்டியே குறிபார்த்து வைத்து, வீரர் அவ்விடம் வரும்வரை காத்திருந்தனர். தன்னியக்கக் குவியம் பெருவழக்காயிற்று 1980களுக்குப் பின்னரே. கனன் நிறுவனம் 1987இல் தன் வில்லைப் பொருத்தியை அடியோடு மாற்றியது. 2003இல் அதே நிறுவனம் ஆயிரம் அமெரிக்க டொலருக்குக் குறைந்த விலையில் 300டி என்னும் இலக்கமுறைக் கமராவை வெளியிட்டபோது, தொழிலாளர் கையாளும் அதே பெருவில்லைகள் இவ்வெளிய பெட்டியிலும் பொருந்தின. ஆயின் அது செக்கனுக்கு இரண்டரைப் படம் வீதம், தொடர்ந்து நான்கே படங்கள் எடுக்கும். பின்னர் சற்று ஓய்ந்து நிற்கும். காத்திருக்கக் கற்றவனுக்கே அது பயன்பட்டது. பெட்டி மலிந்தது, கண்ணாடி மலியவில்லை.

பாடசாலை அலுவலகத்தில் பழைய படத்தொகுப்பொன்று இருக்கிறது. இல்ல விளையாட்டுப் போட்டிகளிற் கேடயம் வாங்கும் படங்கள் பலவுள. எவர் எப்படி ஓடினார் என்பதற்கோ ஒரு படமும் இல்லை. அந்தப் பிள்ளைகள் ஓடியதற்கு நேர எண்களே சான்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாணவன் ஒருவன் அன்பளிப்பாகக் கிடைத்த மலிவான கமராவுடன் வந்தான். பிற்பகல் ஐந்தரை மணிக்கு நடந்த இறுதியோட்டங்கள் யாவும் அவன் படங்களில் புகையாகவே தெரிந்தன. கமராவைக் குறைகூறினான். குறை கமராவிலன்று, அதனோடு வந்த எஃப் 5.6 வில்லையில். மறு ஆண்டு 85 மில்லிமீற்றர், எஃப் 1.8 வில்லையொன்றை இரவல் வாங்கினோம். தொலைவுக்கு அது போதாதுதான். ஆனால் முன்னையதினும் ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை உட்புகவிடும். தூரத்தைக் காலால் நடந்து குறைத்துக்கொள் என்று சொல்லி, அஞ்சலோட்டத்தின் கடைசிக் கைமாற்று இடத்தருகே அவனை முழந்தாளிட வைத்தேன்.

அன்றெடுத்த படமொன்று இப்போது அத்தொகுப்பில் இருக்கிறது. கோல் இருவர் கையிலும் உள்ளது. கொடுப்பவளின் வாய் திறந்திருக்கிறது. வாங்குபவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் நிற்போர் யாரென்று தெரியவில்லை.