கேள்வி நேரம் வந்த வழி: சென்னைச் சட்டமன்றத்தில் சாலையும் மருத்துவமனையும்

சென்னை மாகாணத்துக்குச் சட்டமன்றம் என ஒன்று 1861-ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தால் வந்தது. அதில் கேள்வி கேட்கும் உரிமை வர மேலும் 31 ஆண்டுகள் ஆயின. கவர்னரின் நிர்வாகக் குழுவோடு சில கூடுதல் உறுப்பினர்களைச் சேர்த்து உட்கார வைத்த சபை அது. முன்வைக்கப்பட்ட மசோதாவைப் பற்றி மட்டுமே அங்கே பேசலாம். ஒரு ஜில்லாவில் காலரா பரவினாலும், மழையில் பாலம் அடித்துக்கொண்டு போனாலும், அரசை நோக்கி ஏன் என்று கேட்க விதியில் இடமில்லை. இது தற்செயலாக விடுபட்டதல்ல. 1850-களில் கல்கத்தாவில் இருந்த சட்டக் குழு நிர்வாகச் செயல்களைத் துருவிக் கேட்கத் தொடங்கியிருந்தது. அப்படி ஒரு குட்டி நாடாளுமன்றம் உருவாவதை லண்டன் விரும்பவில்லை. 1861-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாயைக் கட்டியது.

1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் முதன்முறை கூடியபோது நிறைவேறிய தீர்மானங்களில் ஒன்று, சபை உறுப்பினர்களுக்கு நிர்வாகத்தின் எல்லாத் துறைகளைப் பற்றியும் கேள்வி எழுப்பும் அதிகாரம் வேண்டும் என்று கோரியது. வரவு செலவுத் திட்டத்தைச் சபையின் முன் வைக்க வேண்டும் என்ற கோரிக்கையும் அதே தீர்மானத்தில்தான் இருந்தது. வரிப்பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் ஊருக்கு ஏன் எதுவும் வரவில்லை என்று கேட்க முடியும். அந்தத் தலைவர்கள் இரண்டையும் இணைத்துப் பார்த்தது சரியான கணிப்பு.

1892-ஆம் ஆண்டுச் சட்டம் பாதிக் கதவைத் திறந்தது. முன்னறிவிப்புக் கொடுத்துக் கேள்வி கேட்கலாம். ஆனால் அது தகவல் கோருவதாக மட்டுமே இருக்க வேண்டும். கருத்தோ வாதமோ கலக்கக் கூடாது. சபைத் தலைவர் காரணம் சொல்லாமலே கேள்வியைத் தள்ளிவிடலாம். பதில் வந்த பிறகு அதன்மேல் பேச்சில்லை. இன்னொரு கேள்விக்கும் இடமில்லை. அரசு தரப்பில் எழுதி வைத்ததை வாசித்தால் கதை முடிந்தது. இருந்தாலும் ஒரு மாற்றம் ஆழமானது. கூடுதல் உறுப்பினர்களில் சிலரை நகராட்சிகளும் ஜில்லா போர்டுகளும் பரிந்துரைக்கும் முறை வந்தது. சாலை, சத்திரம், வைத்தியசாலை, குடிநீர் ஆகியவற்றை நேரடியாக நடத்திப் பார்த்தவர்களின் குரல் அப்படித்தான் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் புகுந்தது. சேலம் சி. விஜயராகவாச்சாரியார் போன்றவர்கள் அந்தக் காலச் சபையில் அமர்ந்தவர்கள்.

1909-ஆம் ஆண்டின் மிண்டோ–மார்லி சீர்திருத்தம் துணைக் கேள்வியைக் கொண்டுவந்தது. முதலில் கேட்டவர் மட்டும், கிடைத்த பதிலைத் தெளிவுபடுத்திக்கொள்ள மீண்டும் கேட்கலாம். 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அந்த உரிமை எல்லா உறுப்பினர்களுக்கும் வந்தது. பார்வைக்குச் சிறிய திருத்தம். ஆனால் கேள்வி நேரத்துக்கு உயிர் வந்தது இதனால்தான். முதல் கேள்விக்கான பதிலைத் தலைமைச் செயலக அலுவலர்கள் கோப்பைப் பார்த்து எழுதித் தந்துவிட முடியும். எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாத துணைக் கேள்விக்கு, துறையைப் பொறுப்பேற்றவர் தாமே அறிந்திருந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தச் சட்டப்படி அமைந்த புதிய சட்டமன்றத்தை 1921 ஜனவரி 12 அன்று கன்னாட் கோமகன் தொடங்கி வைத்தார். இரட்டை ஆட்சி முறையில் துறைகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தன. போலீஸ், நிலவரி, பாசனம், நிதி ஆகியவை கவர்னரின் நிர்வாகக் குழு உறுப்பினர்களிடம் தங்கின. உள்ளாட்சி, மருத்துவம், பொதுச் சுகாதாரம், கல்வி, சாலைகள் ஆகியவை சபைக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் வந்தன. ஆகவே இந்த மாகாணத்தில் மக்கள் பிரதிநிதியின் கேள்விக்கு மக்கள் பிரதிநிதி ஒருவரே பதில் சொன்ன முதல் துறைகளில் மருத்துவமனையும் சாலையும் அடங்கும். இந்தக் கேள்விகளைச் சில்லறை விவகாரம் என்று ஒதுக்குவோர் இதை மறந்துவிடுகிறார்கள். பொறுப்பாட்சி இங்கே வேர் பிடித்தது இத்தகைய துறைகளில்தான்.

ஆனால் பணம் அமைச்சர்களிடம் இல்லை. நிதித் துறை கவர்னரின் குழுவிடம் இருந்தது. அதற்கு மேல், மத்திய–மாகாண நிதிப் பங்கீட்டை வகுத்த மெஸ்டன் குழுவின் ஏற்பாட்டின்படி சென்னை மாகாணம் மத்திய அரசுக்கு ஆண்டுக்கு 348 லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. எல்லா மாகாணங்களும் சேர்ந்து கட்டிய 983 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இது. இந்தச் சுமை படிப்படியாகக் குறைந்து, 1920-களின் பிற்பகுதியில்தான் நீங்கியது. அதுவரை அமைச்சர் மனம் வைத்தாலும் ஆஸ்பத்திரி எழும்பாத நிலை. நிதி இல்லை என்ற பதிலுக்குச் சென்னையில் நூறாண்டு வயது. அது பிறந்தபோது உண்மையாகவே கை கட்டப்பட்டவர்கள் சொன்ன பதில்.

அந்த நெருக்கடிக்குள்ளும் சில காரியங்கள் நடந்தன. உள்ளாட்சித் துறையைப் பொறுப்பில் வைத்திருந்த பனகல் அரசர் காலத்தில், நாட்டு மருத்துவம் பற்றி ஆராய முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைந்தது. அது 1923-ல் அறிக்கை தந்தது. சித்த மருத்துவம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய மூன்றையும் கற்பிக்கும் அரசுப் பள்ளி 1925-ல் சென்னையில் திறக்கப்பட்டது. கிராமத்தில் குடியேறிச் சிகிச்சை தரும் மருத்துவருக்கு மானியம் தரும் திட்டமும் அந்த ஆண்டுகளில் உருவானது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1926-ல் சபைக்கு நியமிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு துணைத் தலைவரானார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவ வசதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு உடல் பரிசோதனை என்று அவர் தொடர்ந்து எழுப்பிய விஷயங்கள், அதுவரை ஆண்கள் மட்டுமே இருந்த சபையில் யாரும் அந்த அழுத்தத்தோடு கேட்காதவை. நோயாளியை அருகிலிருந்து பார்த்த மருத்துவர் கேட்டதால் அவற்றை எளிதில் தட்டிக் கழிக்க முடியவில்லை.

சாலை பற்றிய கேள்விகளிலேயே மிகக் கனமானது, புதுச் சாலை கேட்டதல்ல. இருக்கும் சாலையில் நடக்க உரிமை கேட்டது. எம்.சி. ராஜாவும், 1923-ல் நியமிக்கப்பட்ட இரட்டைமலை சீனிவாசனும், ஆர். வீரையனும் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் சார்பில் சபையில் பேசினார்கள். பொது வீதி, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் எந்தச் சாதியாருக்கும் தடை கூடாது என்று 1924-ல் சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் ஏற்கப்பட்டது, அரசாணையும் பிறந்தது. ஆணையை மதிக்காத ஊர்கள் ஏராளம். ஆகவே உள்ளாட்சிச் சட்டங்களையே திருத்தி, தடுப்போருக்கு அபராதம் விதிக்க வகை செய்யும் முயற்சியை வீரையன் மேற்கொண்டார்; 1926-ல் அது பலித்தது. அரசுப் பணத்தில், எல்லாருடைய வரியிலும் போட்ட சாலையில் ஒருவன் ஏன் நடக்க முடியவில்லை என்ற கேள்விக்குச் சாலைத் துறையின் கோப்பில் பதில் கிடையாது. இந்தியச் சட்டமன்றங்களின் வரலாற்றில் உள்ளூர்க் கட்டமைப்பு பற்றி இதைவிடப் பெரிய கேள்வி எழவில்லை என்றே சொல்லலாம்.

போக்குவரத்தில் உறுப்பினர்களுக்கு இருந்த இடைஞ்சல் வேறு. ரயில் மத்திய அரசின் கையில் இருந்தது. ரயில் நிலையம் கேட்டால், கோரிக்கையை அனுப்பி வைப்பதாகச் சொல்வதற்கு மேல் மாகாண அரசால் ஆகாது. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. தஞ்சாவூர் ஜில்லா போர்டு தானே வரி திரட்டி மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை ரயில்பாதை போட்டு, 1894-ல் ஓடச் செய்தது. அந்தப் பாதை பின்னர் பட்டுக்கோட்டை, அறந்தாங்கிப் பக்கம் நீண்டது. 1920-களில் தனியார் மோட்டார் பஸ்கள் பெருகியதும் கவனம் சாலைக்குத் திரும்பியது. ஜில்லா போர்டுகள் ஊருக்கு ஊர் சுங்கச் சாவடி வைத்துக் காசு வாங்கின. போர்டின் வருமானமும் அதுதான், பயணிகளின் எரிச்சலும் அதுதான். 1931-ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் சாவடிகளை அகற்றி, வாகன வரியிலிருந்து உள்ளாட்சிகளுக்கு ஈடு கொடுத்தது.

துணைக் கேள்வியை ஒரு கலையாகவே ஆக்கியவர் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி. 1923 முதல் சென்னைச் சபையிலும், 1935 முதல் டில்லி மத்திய சட்டமன்றத்திலும் அவர் எழுந்தாலே பதில் சொல்ல வேண்டியவர்கள் கவனமாகிவிடுவார்கள். 1939-ல் சென்னை மேயரானபோது அவரே பதில் சொல்லும் இடத்துக்கு வந்தார். நகரின் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கத்தின் வேலையைத் தொடங்கி வைத்தார். 1944-ல் அது முடிந்தபோது அவர் உயிருடன் இல்லை.

1937-ல் 215 உறுப்பினர் கொண்ட சட்டப் பேரவை வந்தது. இரட்டை ஆட்சி ஒழிந்து நிதியும் அமைச்சரிடம் சேர்ந்ததால், பணம் வேறொருவரிடம் என்ற சாக்குக்கு இடமில்லாமல் போனது. டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார அமைச்சராக இருந்த காங்கிரஸ் ஆட்சியில், 1939-ல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் ஆகியவற்றில் உள்ளாட்சிக்கு என்ன கடமை என்று எழுத்தில் வரையறுத்ததால், அமைச்சரிடம் இன்ன பிரிவின்படி ஏன் செய்யவில்லை என்று கேட்க உறுப்பினருக்குப் பிடி கிடைத்தது.

அதே ஆண்டு அக்டோபரில் அமைச்சரவை விலகியது. 1946 வரை கவர்னர் ஆட்சி, பேரவை கூடவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருவார்கள் என்ற பீதியில் சென்னையே காலியானது. யுத்தப் பஞ்சத்தில் அரிசிக்கு மக்கள் அலைந்தார்கள். அந்த ஆறேழு ஆண்டுகளில் எதைப் பற்றியும் அரசைக் கேட்க அவையே இல்லை. கேள்வி நேரத்தின் மதிப்பை அறிய இந்த வெறுமையைப் பார்த்தால் போதும்.

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்த 1952-ல் பேரவையில் 375 இடங்கள். சொத்து வரி கட்டாதவரும் இப்போது வாக்களித்தார்கள். அதுவரை அவையின் மொழி ஆங்கிலம். ஆங்கிலத்தில் தேர்ச்சி இல்லாதவருக்கு மட்டும் தாய்மொழியில் பேச அனுமதி. 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு தமிழ் தலையெடுத்தது. கேள்விகளுக்கென்றே ஒரு வாய்பாடும் உருவானது. உறுப்பினர் எழுந்து, இன்ன ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தரம் உயர்த்த அரசு முன்வருமா என்பார். கருத்துரு வந்தால் நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்பார் அமைச்சர். கட்டடம் இருந்தும் மருத்துவர் இல்லையே, இரவில் பிரசவத்துக்கு எத்தனை கிலோமீட்டர் போவது என்று துணைக் கேள்வி வரும். உடனே வேறு தொகுதிக்காரர்கள் கை தூக்கி, தங்கள் ஊரையும் அதே பட்டியலில் சேர்க்கச் சொல்வார்கள். பேரவைத் தலைவர் அடுத்த வினாவின் எண்ணைச் சொல்வார். வாய்மொழிப் பதில் வேண்டும் வினாவுக்கு நட்சத்திரக் குறி; குறியில்லாததற்கு எழுத்தில் பதில். மாவட்டவாரியான பட்டியல்கள் பெரும்பாலும் இந்த எழுத்துப் பதில்களில்தான் அச்சேறின.

பஸ் பற்றிய கேள்விகளின் திசை மாறியதும் இக்காலத்தில்தான். சென்னை நகர பஸ்களை அரசு 1947-ல் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. 1967-க்குப் பின் தேசியமயம் விரிந்து, 1972-ல் பல்லவன், பாண்டியன், சேரன் போக்குவரத்துக் கழகங்கள் அமைந்தன. தனியார் ஓட்டியவரை உரிமம் யாருக்கு என்பதே வாதம். அரசே முதலாளியானதும், எங்கள் ஊருக்கு ஏன் இரவு பஸ் இல்லை என்ற கேள்விக்கு அமைச்சர் நேரடியாகக் கடமைப்பட்டவரானார்.

சொன்ன வாக்கைத் தொடர்ந்து கவனிக்க, 1953-ல் மக்களவை அரசு உறுதிமொழிக் குழுவை அமைத்தது; சென்னைப் பேரவையிலும் அத்தகைய குழு வந்தது. பரிசீலனையில் உள்ளது என்று அமைச்சர் சொல்வதையே உறுதிமொழியாகக் கொள்ள வேண்டும் என மக்களவைக் குழு வகுத்த பட்டியல் சொல்கிறது. பதிலளித்தபின் கோப்பு கிடப்பில் போகாமல், நிறைவேறும்வரை துறையிடம் அறிக்கை கேட்க இக்குழுவுக்கு வழியுண்டு. 2022 ஜனவரி 6 முதல் தமிழ்நாடு சட்டமன்றத்தின் கேள்வி நேரம் நேரலையாக ஒளிபரப்பாகத் தொடங்கியது. தங்கள் ஊர்ச் சாலைக்கு அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பதைத் தொகுதி மக்கள் இப்போது அந்த நேரத்திலேயே கேட்க முடிகிறது.