பௌத்தம்: தோற்றமும் கொள்கையும் கிளைகளும்

மியன்மரிலும் இலங்கையிலும் முஸ்லிம்கள் மீது நிகழ்த்தப்பட்ட வன்முறைகளின் வாயிலாகவே நம்மில் பலர் பௌத்தத்தை அறிந்திருக்கிறோம். ஆயின், ஒரு கூட்டத்தாரின் செயல் வேறு. அவர்தம் சமயத்தின் போதனை வேறு. பகைமையும் நம்மை நீதியினின்று பிறழச் செய்யலாகாது என்பது திருக்குர்ஆனின் (5:8) கட்டளை. பிற சமயத்தாரைக் குறித்துப் பேசும் நம் நாவையும் அக்கட்டளை கட்டுப்படுத்தும்.

பௌத்தத்தைத் தோற்றுவித்த சித்தார்த்த கௌதமர், இன்றைய நேபாளத்திலுள்ள லும்பினியில் சாக்கியர் குலத்தில் பிறந்தவர். கிறிஸ்துவுக்குச் சுமார் ஐந்து நூற்றாண்டுகள் முற்பட்டவர். முதுமை, பிணி, மரணம் ஆகியவற்றைக் கண்டு கலங்கி, 29ஆம் வயதில் இல்லம் துறந்தார் என்பது பௌத்த மரபு. சுகபோகமும் கடுந்தவமும் பயனற்றவை எனக் கண்டு இடைவழியைத் தேர்ந்த அவர், 35ஆம் வயதில் புத்தகயாவில் ஞானம் பெற்றார். ‘புத்தர்’ என்னும் சொல்லுக்கு விழிப்புற்றவர் என்பது பொருள். சாரநாத்தில் தொடங்கிய போதனை, 80ஆம் வயதில் குசிநகரில் அவர் மறையும் வரை நீடித்தது.

அவருடைய போதனையின் சாரம் நான்கு உண்மைகள்: வாழ்வில் துன்பம் உண்டு, அதற்குக் காரணம் வேட்கை, வேட்கை அறுந்தால் துன்பம் ஒழியும், அதற்கு வழி, நற்காட்சி முதல் நல்லமைதி வரையிலான எண்வகை நெறி. அனைத்தும் நிலையற்றவை, மாறாத ஆன்மா என ஒன்றில்லை, வினைக்கேற்ப மறுபிறப்பு உண்டு, அதிலிருந்து விடுபடுதலே நிர்வாணம் என்பன அவர்களின் நம்பிக்கைகள். உலகைப் படைத்த இறைவனுக்கு இக்கொள்கையில் இடமில்லை. புத்தரும் தம்மை இறைவன் என்றோ இறைத்தூதர் என்றோ கூறியதாக அவர்களுடைய பழைய நூல்களில் இல்லை. நம் ஏகத்துவக் கொள்கையிலிருந்து பௌத்தம் அடிப்படையில் வேறுபடும் இடம் இதுவே.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பேரரசர் அசோகரின் ஆதரவால் இச்சமயம் பரவியது. காலப்போக்கில் கிளைகளும் தோன்றின. பாலி மொழித் திரிபிடகத்தை ஆதாரமாகக் கொண்ட தேரவாதம் இலங்கை, மியன்மர், தாய்லாந்து, கம்போடியா ஆகிய நாடுகளில் நிலைபெற்றது. அனைத்து உயிர்களின் விடுதலைக்காகவும் உழைக்கும் போதிசத்துவரை இலட்சியமாகக் கொண்ட மகாயானம் சீனா, கொரியா, ஜப்பான், வியட்நாம் ஆகியவற்றில் வேரூன்றியது. அதனின்று கிளைத்த வஜ்ரயானம், மந்திரங்களையும் குருவின் தீட்சையையும் முதன்மைப்படுத்தித் திபெத், பூட்டான், மங்கோலியாவில் வளர்ந்தது. தமிழுக்கும் பௌத்தம் அயலானதன்று. ‘மணிமேகலை’ ஒரு பௌத்தக் காப்பியமே.

இத்தகைய சமயத்தை நம் முன்னோர் எவ்வாறு அணுகினர்? கி.பி. 1153இல் மறைந்த அறிஞர் ஷஹ்ரஸ்தானீ, ‘அல்மிலல் வந்நிஹல்’ என்னும் தம் நூலில், ஒவ்வொரு பிரிவாரின் கொள்கையையும் அவர்களுடைய நூல்களில் கண்டவாறே, சார்பின்றி எடுத்துரைப்பதை நிபந்தனையாக வகுத்துக்கொண்டார். புத்தரைப் பற்றி அவர்கள் கூறுவது மெய்யாயின், அவருக்கு ஒப்பாகக் கூறத்தக்கவர் முஸ்லிம்கள் ஏற்கும் கிள்ரு (அலை) அவர்களே என்றும் எழுதினார். தம் ஈமானில் உறுதியாக நின்றே அவர் இவ்வாறு எழுதினார்.

அநீதி இழைத்தவரைக் கண்டிப்பது நம் கடமை. அக்கண்டனம், ஒரு சமயத்தார் சொல்லாததை அவர்கள் மீது சுமத்தும் பொய்யாக மாறிவிடாமல் காப்பதும் நம் கடமையே.