22 கிலோபைட்டில் ஒரு பிரபஞ்சம்

கணினி விளையாட்டு என்றாலே சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் பழக்கம் இலக்கியம் பயின்ற நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அவ்வாறு ஒதுக்கிவிட இயலாத ஒன்று 1984 செப்டம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்த 'எலீட்'. கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இரு மாணவர்கள், எவரும் பணிக்காமல் தாமே முனைந்து உருவாக்கியது அது.

விளையாடுபவர் ஒரு விண்வெளி வணிகர். கையில் 100 வரவுப் பணமும் ஒரு சிறு கலமும் உண்டு. செய்து முடிக்க வேண்டிய கட்டளை ஏதுமில்லை. நேர்மையாக வணிகம் செய்யலாம், கடத்தலாம், கொள்ளையும் அடிக்கலாம். இதைத் தார்ன் இ.எம்.ஐ. நிறுவனத்திடம் காட்டியபோது மூன்று உயிர்கள், மதிப்பெண், பத்து நிமிடத்தில் முடியும் ஆட்டம் ஆகியவை வேண்டும் என்று கூறி மறுத்துவிட்டார்கள். அன்றைய விளையாட்டுக் கூடங்களின் இலக்கணம் அது. ஏக்கார்ன்சாஃப்ட் ஏற்றுக்கொண்டது.

பி.பி.சி. மைக்ரோ கணினியின் நினைவகம் 32 கிலோபைட். திரைக்கும் பிறவற்றுக்கும் போக எஞ்சியது ஏறத்தாழ 22. இந்தக் கட்டுரையின் நீளத்தில் மூன்று தமிழ்க் கட்டுரைகளை ஒருங்குறியில் எழுதிச் சேமித்தாலே அவ்விடம் நிறைந்துவிடும்! அதற்குள் ஆயிரக்கணக்கான கோள்களை எழுதி வைப்பது எங்ஙனம்? அவர்கள் எழுதி வைக்கவில்லை. மூன்று எண்களை மட்டும் விதையாக வைத்தார்கள். முந்தைய எண்களைக் கூட்டி அடுத்த எண்ணைப் பெறும் எளிய விதியால் ஒவ்வொரு கோளின் இடம், பெயர், ஆட்சிமுறை, பொருளாதாரம் யாவும் தேவைப்படும்போது கணக்கிடப்பட்டன. விதை மாறாததால் எப்போது திரும்பிச் சென்றாலும் அதே கோள்தான்.

இம்முறையில் இரண்டின் 48ஆம் அடுக்கு, அதாவது சுமார் 2.8 கோடி கோடி விண்மீன் மண்டலங்களைப் பிறப்பிக்க முடிந்தது. அத்தனையையும் தர விரும்பினார்கள் ஆசிரியர்கள். எண்ணிக்கை அவ்வளவு பெருகினால் எல்லாம் சூத்திரத்தின் விளையாட்டு என்பது வெளிப்பட்டுவிடும் என்று தடுத்தது பதிப்பாளர் தரப்பு. முடிவில் எட்டே மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். நம் நோக்கில், நினைவகச் சிக்கனத்தினும் அரிய முடிவு இதுவே. முன்னது வறுமை கற்பித்தது. பின்னது வளம் இருந்தும் மறுத்தது. நல்ல பதிப்பாசிரியர் வாய்க்காத நாவலாசிரியர்கள் சிலர் நம் நினைவுக்கு வருகிறார்கள், பெயர்கள் வேண்டாம்.

எட்டையும் கண்ணால் பார்த்தே தெரிந்தெடுத்தார்கள். எழுத்திணைகளைக் கோத்துப் பெயர் அமைக்கும் விதி, ஒரு மண்டலத்தில் அவையில் சொல்லத் தகாத ஆங்கிலச் சொல் ஒன்றைக் கோளுக்குச் சூட்டியிருந்தது. அம்மண்டலம் முழுவதும் கைவிடப்பட்டது.

விளையாட்டுக்குள் கதை இல்லை. பெட்டிக்குள் ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக் எழுதிய 'தி டார்க் வீல்' என்ற குறுநாவல் இருந்தது. அதில் ராக்ஸ்லா என்னும் மறைபொருளான கோள் ஒன்று பேசப்படுகிறது. அந்த 2048 கோள்களில் ராக்ஸ்லா இல்லை.